கறுப்புத் திரையில் நான்கு ஆண்டுகள்

எங்கள் தணிக்கை அலுவலகத்தில் கேபிள் செருகும் ஐந்து போர்ட் உள்ள மைக்ரோடிக் ஹெக்ஸ் ரூட்டர் நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது. அதை அமைக்க உதவும் வின்பாக்ஸ் மென்பொருளின் சாளரங்களைத் திறந்து திறந்து பார்ப்பதை முதல் ஆண்டிலேயே விட்டுவிட்டேன். எஸ்எஸ்ஹெச் என்னும் கறுப்புத் திரை வழியாக ரூட்டருக்குள் நுழைந்து கட்டளை அடிப்பதுதான் வழக்கம்.

முதலில் பிடித்துக்கொண்டது ‘இன்டர்ஃபேஸ் மானிட்டர்-ட்ராஃபிக் ஈதர்1’. ஈதர்1 என்பது இணையம் வரும் போர்ட். நொடிக்கு எத்தனை பிட், எத்தனை பாக்கெட் (தரவுத் துண்டு) உள்ளே வருகிறது, வெளியே போகிறது என்று எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ‘க்யூ’ அழுத்தினால் நிற்கும். பல மாதங்கள் இதையே வேடிக்கை பார்த்தேன். காய்ச்சல் இருப்பதை அது காட்டும். எதனால் என்று சொல்லாது.

வரித் தாக்கல் நெருக்கடியில் ஒரு நாள் மேசைக்கு மேசை ‘நெட் நகரவில்லை’ என்று புலம்பல். வாங்கியிருப்பது 200 எம்பிபிஎஸ். திரையில் எண் 95, 96 வரை ஏறி அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. இணைப்பு கொடுப்பவரிடம் இரண்டு முறை சண்டை போட்டேன். அதற்குப் பிறகுதான் ‘இன்டர்ஃபேஸ் ஈதர்நெட் மானிட்டர் ஈதர்1’ அடிக்கத் தோன்றியது. ஸ்டேட்டஸ்: லிங்க்-ஓகே. ரேட்: 100எம்பிபிஎஸ். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். நூறுக்கு நான்கே போதும். ஒரு ஜோடி பழுதானால் பல சாதனங்கள் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்புக் கம்பி கனெக்டரின் நுனியைத் தொடவே இல்லை. அந்த முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தியது (கிரிம்ப் செய்தது) நானேதான். தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து ரேட்டைப் பார்க்காமல் வேறு எதையும் பார்ப்பதில்லை. அடுத்தது ‘இன்டர்ஃபேஸ் ஈதர்நெட் பிரிண்ட் ஸ்டாட்ஸ்’. அதில் எஃப்சிஎஸ் பிழை (வழியில் சிதைந்து வந்த தரவு) எத்தனை என்பதைவிட, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கூடியது என்பதே முக்கியம். இணைப்பு எத்தனை முறை அறுந்தது என்னும் ‘லிங்க்-டவுன்ஸ்’ எண்ணிக்கையும் உதவும். ஆனால் அருகில் இருக்கும் நேரத்தை அப்படியே நம்பக்கூடாது. ஒரு மின்வெட்டுக்குப் பிறகு, இணைப்பு வந்தது 1970 ஜனவரி 2 என்று காட்டியது. வலைவழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபியை அமைக்காமல் விட்டிருந்தேன்.

‘டூல் டார்ச்’ யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று முகவரி வாரியாகக் காட்டும். அதை நம்பித்தான் ஒரு முறை ‘உள் வலையில் போக்குவரத்தே இல்லை’ என்று அடித்துச் சொன்னேன். என் கண்ணெதிரே கோப்புகளைச் சேமிக்கும் என்ஏஎஸ் பெட்டியின் விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. போர்ட்டுகளை ஒரே வலையாகச் சேர்க்கும் பிரிட்ஜில் ஹார்டுவேர் ஆஃப்லோட் இருந்தால், போர்ட்டுக்குப் போர்ட் போகும் பாக்கெட்டுகளை ரூட்டரின் செயலிக்கு அனுப்பாமல் ஸ்விட்ச் சிப்பே கடத்திவிடும். அவை டார்ச்சின் கண்ணில் படாது. என்ஏஎஸ் போர்ட்டிலும் கணக்குப் பிரிவுப் போர்ட்டிலும் ஆஃப்லோடை நிறுத்திப் பார்த்தேன். கணக்குப் பிரிவுக் கணினி ஒன்று நடுப்பகலில் முழு பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தது. அதை இரவு பதினொரு மணிக்கு மாற்றிவிட்டு, ஆஃப்லோடை மறுபடி இயக்கினேன்.