கடைசி பாட்டு வந்தா மட்டும் கடுப்பாகுது

பெல்ட் மாத்தி ரெக்கார்டு சுத்துற டெக்கு மறுபடி ஒழுங்கா சுத்த ஆரம்பிச்சிருக்கு, கரெக்டா இந்த நேரம் பார்த்து தர்மபுரி ஃப்ரெண்டு ஒருத்தன் "மாப்ள, கம்மி காசுல ரெக்கார்டு கேக்க என்ன வாங்கலாம்"னு கேட்டான், அவனுக்கு சொல்றத இங்கயே எழுதிடறேன்.

நம்ம செட்டு இதான்: பெங்களூர்ல செகண்ட் ஹேண்ட்ல எடுத்த பெல்ட் டிரைவ் டெக்கு, ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டியிருக்கற சின்ன டப்பா), மாமா வீட்டு பரண்ல கெடந்த பழைய சோனோடைன் ஆம்ப், சின்னதா ரெண்டு ஸ்பீக்கர். ஆம்ப் பின்னாடி ரெக்கார்டுக்குன்னே உள்ள ஃபோனோ இன்புட் இருந்ததால தனி பிரீஆம்ப் செலவு மிச்சம். ரெக்கார்டுல பாட்ட வெட்டி பதியும்போதே பாஸ குறைச்சு ட்ரெபிள ஏத்தி தான் வெட்டுவாங்க, அத திருப்பி சமன் பண்றது ஃபோனோ ஸ்டேஜ் வேலை, அது இல்லாம சும்மா சாதா ஆக்ஸ் இன்புட்ல சொருகினா கெணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி சன்னமா தான் வரும்.

எதிர்பாக்காத சந்தோஷம்னா கல்லு தான். ஹால்ல யாராவது நடந்தாலே ஊசி குதிக்கும். ராயக்கோட்டை ரோடு பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்ல மூலை உடைஞ்ச கறுப்பு துண்டு ஒண்ணு சும்மாவே குடுத்தாங்க, அடியில நாலு ரப்பர் வச்சு அதுமேல டெக்க ஏத்தினேன், குதிக்கிறது நின்னே போச்சு. வெளியூர்க்காரங்க இதுக்குன்னு தனியா காசு குடுத்து பிளாட்ஃபார்ம் வாங்கறாங்க, நமக்கு கிருஷ்ணகிரில ஓசி.

இப்ப கடுப்புக்கு வரேன். எல்பில மொத பாட்டு தேன், ரெண்டாவது தேன், கடைசி பாட்டு வந்ததும் பாடுற அம்மா "ச" சொல்ற எடமெல்லாம் "ஸ்ஷ்"னு துப்பும். காரணம் தெரிஞ்சும் கோவம் போகல. தட்டு 33⅓ வேகத்துல தான் சுத்துது, ஆனா வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில செகண்டுக்கு 50 சென்டிமீட்டர் க்ரூவ் (பாட்டு பதிஞ்ச கோடு) ஓடுது, லேபிள் பக்கம் வந்தா 21 தான். அதே சத்தத்த பாதிக்கும் கம்மியான எடத்துல நெருக்கி வச்சா ஊசி எப்படி படிக்கும்?

அலைன்மென்ட், அதாவது ஊசி க்ரூவுக்கு நேரா நிக்குதான்னு பாத்து சரி பண்ணா குறையும்னாங்க. அதுக்கு கோடு போட்ட புரோட்ராக்டர் ஷீட்ட பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்கு போனா அந்த தம்பி ஃபிட் டு பேஜ் போட்டே குடுக்குறான், ஸ்கேல் வச்சா அளவு கம்மியா இருக்கு, "அண்ணா ரெண்டு மில்லி தானேண்ணா"ன்றான். அந்த ரெண்டு மில்லிக்கு தான்டா வந்தேன்! நூறு பர்சென்ட்ல எடுத்து, கார்ட்ரிட்ஜ் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி முடி அளவு தள்ளி, ஸ்பிண்டில்ல (தட்டு நடுவுல உள்ள கம்பி) இருந்து 66 மில்லிலயும் 121 மில்லிலயும் கோட்டுக்கு நேரா நிக்க வச்சு, ஊசி அழுத்தற வெயிட்ட 2 கிராம்ல நிறுத்தி, மண்டைல வேர்வை சொட்ட முடிச்சேன். பாதி குறைஞ்சுது, நெசமாவே. மீதி பாதி இருக்கே, அது முன்ன விட தெளிவா கேக்குது.

இதே கார்ட்ரிட்ஜ் பாடியில எம்எல் (மைக்ரோலைன்னு மெல்லிசா செதுக்கின) ஊசி மட்டும் மாத்திக்கலாம், உள் க்ரூவ நல்லா படிக்கும். வெலைய பாத்தா டெக்குக்கு குடுத்த காசே வந்துரும் போல. கார்ட்ரிட்ஜ் மேல குத்தம் சொல்ல முடியாது, இந்த காசுக்கு இதவிட நல்லது நான் கேக்கல. பெட்டி மாதிரி மடக்கற சூட்கேஸ் பிளேயர் பக்கம் மட்டும் போயிராதீங்க, அதுல ஊசி அழுத்தறது ரொம்ப ஜாஸ்தி, கார்ட்ரிட்ஜ் அட்ஜஸ்ட் பண்ணவும் வழியில்ல.

ஆக மொத்தம், சவுண்டு அருமை, செலவு கம்மி, ஆனா மாப்ள நீ வாங்காத. ஒனக்கு காது ஜாஸ்தி, பொறுமை கம்மி, கடைசி பாட்டுக்கு ஊசிய தூக்கிட்டு எனக்கு தான் போன் பண்ணுவ. இல்ல வாங்கியே தீருவேன்னா இப்பவே சொல்லு, அந்த யூனிட்ல இன்னொரு துண்டு கல்லு ஓரமா கெடக்கு, எடுத்து வைக்க சொல்றேன்.