வாட்டர் ரோலர்: மோல்டன் துணியா, வெறும் ரப்பரா?

சின்ன ஆஃப்செட் மெஷினில் இங்க் கோளாறு என்று நாம் நினைப்பதில் பலவும் தண்ணீர்க் கோளாறுதான். அச்சுப் பிளேட்டில் எழுத்தில்லாத இடத்தை வாட்டர் ரோலர் ஈரமாக வைத்திருந்தால்தான் அங்கே இங்க் ஒட்டாது. எழுத்தில்லாத இடத்தில் லேசாகச் சாயம் படிகிறது, முழுக்க இங்க் நிரம்ப வேண்டிய சாலிட் பகுதி வெளுத்துப் போகிறது, பிளேட்டின் ஓரத்தில் மட்டும் அழுக்கு ஏறுகிறது. உடனே இங்க் அளவைக் கூட்டிக் குறைக்கும் சாவியை முடுக்குவோம், டப்பாவை மாற்றுவோம், கடைசியில்தான் வாட்டர் ரோலர் பக்கம் திரும்புவோம். ஜிடிஓ 52 போன்ற மெஷினில் பிளேட்டைத் தொடும் வாட்டர் ரோலர்களை மோல்டன் என்ற, தண்ணீரை உறிஞ்சும் பஞ்சுத் துணி உறையைப் போட்டு ஓட்டலாம். துணியில்லாமல் மெத்தென்ற ரப்பரிலும் ஓட்டலாம். எங்கள் அச்சகத்தில் பல வருஷம் துணியில் ஓட்டிவிட்டு இப்போது ரப்பருக்கு மாறியிருக்கிறோம். அதனால் நான் ரப்பர் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவில் துணிக்குத்தான் லாபம். மீட்டர் கணக்கில் வாங்கி, அளவுக்கு வெட்டி, நாமே மாட்டி, இரண்டு முனையிலும் நூலால் இறுக்கிக் கட்டிவிடலாம். ரப்பர் தேய்ந்தால் ரோலர் கடைக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். துணி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே புது ஆபரேட்டர் கையிலும் அவ்வளவு சீக்கிரம் பிளேட் காயாது. இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

எங்களை மாற வைத்தது கலர் மாற்றம். ஆவணி, தை மாதங்களில் கல்யாணப் பத்திரிகை குவியும். காலையில் பச்சை, பதினோரு மணிக்கு மெரூன், மதியம் நீலம், நடுவில் ஒரு பில் புக்குக்குக் கறுப்பு. இங்க் ரோலர்களைக் கழுவுவது எப்படியும் செய்கிற வேலை. துணி போட்ட வாட்டர் ரோலர் அப்படிச் சுலபத்தில் கழுவிப் போகாது. பிளேட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இங்க் ஏறி அந்தப் பஞ்சுக்குள் உட்கார்ந்துகொள்ளும். ரோலரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீரைப் பிழிந்து, திரும்ப மாட்ட வேண்டும். வெளியே பார்த்தால் வெளுத்திருக்கும். விரலால் அழுத்தினால் பச்சைத் தண்ணீர் கசியும். அதே ரோலரில் மெரூன் ஓட்டினால் கிரீம் அட்டையின் வெற்றிடத்தில் அழுக்கு நிறத்தில் ஒரு மங்கல் விழும். அது என்ன கலர் என்று சொல்லவே முடியாது, ஆனால் பத்திரிகை வாங்க வருகிறவர் கண்ணுக்குத் தவறாது. இதைத் தவிர்க்க இன்னொரு செட் ரோலரில் துணி போட்டுத் தயாராக வைத்திருக்கலாம். நாங்களும் வைத்திருந்தோம். ஆனால் செட்டை மாற்றும் ஒவ்வொரு தடவையும் ரோலர் பிளேட்டை அழுத்தும் பிரஷரைச் சரிபார்த்தாக வேண்டும். ரப்பர் ரோலரை, இங்க் கழுவும் திரவமான வாஷ் போட்ட துணியால் துடைத்து, அப்புறம் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் முடிந்தது.

பிரஷர் விஷயம் கோளாறு கண்டுபிடிக்கும்போதும் உதவுகிறது. புது மோல்டன் நனைந்து ஓடியதும் அதன் பருமன் மாறும். காலையில் வைத்த செட்டிங் மதியம் நிற்காது. இரண்டு முனையிலும் ரோலருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் ஃபிலிம் துண்டைச் செருகி, இழுத்துப் பார்த்து, கையின் உணர்வை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரப்பரில் அந்தச் சந்தேகமே இல்லை. ரோலரில் லேசாக இங்க் தடவி, பிளேட்டில் படியவிட்டு எடுத்தால் கோடு தெரியும். அது இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சீராக மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் இருந்தால் சரி. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் செட்டிங் தவறு. நடுவில் மெலிந்து இரண்டு ஓரமும் தடித்திருந்தால் ரோலரின் முனைகள் உப்பிவிட்டன. செட்டிங்கை எவ்வளவு திருகினாலும் பயனில்லை, ரோலர் கடைக்குத்தான் போக வேண்டும். பிளேட் ஓரத்தில் மட்டும் அழுக்கு ஏறினால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். துணியிலிருந்து நூலிழை உதிர்ந்து சாலிட்டில் புழு மாதிரி விழும் வெள்ளைக் கோடுகளும் ரப்பருக்கு மாறியதும் நின்றுவிட்டன.

ஆனால் ரப்பருக்குத் தண்ணீர் சரியாக இருந்தாக வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. போர் தண்ணீரை அப்படியே ஊற்றினால் சுண்ணாம்பு படிந்து ரோலர் பளபளப்பாகிவிடும். அப்புறம் தண்ணீர் பரவாமல் திட்டுத்திட்டாக நிற்கும். அதே சுண்ணாம்பு இங்க் ரோலரிலும் ஏறினால் அங்கே இங்க் ஒட்டாது. ஆர்ஓ தண்ணீரில் ஃபவுண்டன் சொல்யூஷன் என்ற தண்ணீர்த் தொட்டி மருந்தைக் கலந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 4.5க்கும் 5.5க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறோம். 4க்குக் கீழே இறங்கினால் இங்க் காயத் தாமதமாகும். படிந்த சுண்ணாம்பை வினிகர் நனைத்த துணி எடுத்துவிடும். துடைத்த பிறகு நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். வெறும் ரப்பரில் தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவ ஆல்கஹாலோ அதற்கு மாற்றான மருந்தோ தேவை. குளிர்விக்கும் வசதியில்லாத அச்சகத்தில், சித்திரை வெயிலில், ஆல்கஹால் தொட்டியிலிருந்தே ஆவியாகிப் போகும். தீப்பிடிக்கும் பொருள் வேறு. நாங்கள் மாற்று மருந்தோடு நிற்கிறோம்.

ரப்பர் இறுகுவதையும் கவனிக்க வேண்டும். புதிதில், ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ கணக்கில் 25 வாக்கில் இருப்பது 35ஐத் தாண்டினால் தண்ணீர் சீராக ஏறாது. கண்ட திரவத்தையும் ஊற்றிக் கழுவினால் அந்த நாள் சீக்கிரமே வரும்.

நாள் முழுக்க ஒரே கலரில், தூசு உதிரும் மலிவுத் தாளில் நோட்டீஸ் அடிக்கிற அச்சகத்துக்கு ரப்பரைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கலரே மாறாத இடத்தில் துணி கழுவும் தொல்லையும் குறைவு; தண்ணீரைச் சோதிக்க ஆளில்லாத இடத்துக்கும் துணிதான் ஏற்றது. வெந்நீரில் சுருங்கி ரோலரைக் கவ்விக்கொள்ளும் மெல்லிய ஸ்லீவ் என்று நடுவழி ஒன்றும் உண்டு. மோல்டனைவிட மெல்லியது என்பதால் அதற்கு ரோலரின் விட்டம் பெரிதாக இருக்க வேண்டும். கொஞ்ச காலமே ஓட்டியிருக்கிறேன், நீண்ட நாள் உழைப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

மாற நினைப்பவர்கள் பிளேட்டைத் தொடும் ரோலர்களை மட்டும் மாற்றினால் போதும். தண்ணீரை எடுத்துக் கொடுக்கும் டக்டர் ரோலருக்கு எங்கள் மெஷினில் இன்றும் மோல்டன் துணிதான். அது பிளேட்டைத் தொடுவதில்லை, இங்க் ஏறுவதும் குறைவு, வாரக் கடைசியில் கழுவினால் போதுமானதாக இருக்கிறது.