பாய்மரப் படகில் சிஎன்ஜி அடுப்பு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: 640 டாலர் போச்சு

மக்களே, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன், சிலிண்டர் விற்ற அந்த ஆள் அடுத்தவர் தலையில் மிளகாய் அரைப்பான். இரண்டு சிஎன்ஜி சிலிண்டர், 640 டாலர். கைக்கு வந்தது பெயின்ட் அடித்த இரண்டு காலி இரும்பு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கம் பழைய படகு வைத்திருக்கும் நம்மவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள், உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. சிலிண்டர் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகத் தருகிறேன்.

எங்கள் படகு எண்பதுகளில் கட்டியது. நண்பர் ஒருவரோடு பங்கு போட்டு வாங்கினேன். உள்ளே இருக்கும் அடுப்பு சிஎன்ஜிக்கென்றே செய்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் படகு கம்பெனிகள் பல இதைப் பொருத்தியதற்குக் காரணம் இருந்தது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தேங்கும், அப்புறம் ஒரு பொறி போதும். சிஎன்ஜி என்பது அழுத்தி அடைத்த இயற்கை வாயு, பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசு, கசிந்தாலும் மேலே ஏறி வெளியே போய்விடும். பிற்பாடு புரொப்பேன் சிலிண்டருக்கென்று காற்றுப் புகாத தனிப் பெட்டி, கசிவு கடலுக்கு வெளியேறக் குழாய் என்று ஏற்பாடுகள் வந்ததும் எல்லோரும் அதற்கே மாறிவிட்டார்கள். சிஎன்ஜி சிலிண்டரை மாற்றித் தந்த கடைகள் ஒவ்வொன்றாகக் கைகழுவிவிட்டன. சென்னையில் ஆட்டோவுக்கு வரிசையில் நின்றால் சிஎன்ஜி கிடைக்கிறது. இங்கே என் வீட்டு அடுப்புக்குக் குழாயில் வருவதும் அதே வாயுதான். படகுக்கு மட்டும் நாய் படாத பாடு.

இந்த நிலைமையில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய பொருள்களை ஆளுக்கு ஆள் விற்றுக்கொள்ளும் தளம் ஒன்று, அதில் பழைய படகுச் சாமான் விற்கும் கடைக்காரன் ஒருவன். "காலி சிலிண்டரைக் கொடுங்கள், சோதனை முடித்து நிரப்பியதை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று 320 டாலர்." கூப்பிட்டுப் பேசினேன். என்னமாய்ப் பேசினான் தெரியுமா! மீத்தேன் ஏன் பத்திரம், எந்தெந்தப் படகில் எந்த அடுப்பு வரும், ரெகுலேட்டரில் எந்த வாஷர் தேயும், எல்லாம் விரல் நுனியில். என் அடுப்பின் இடது பர்னர் சரியாக எரியாது என்பதை நான் சொல்லாமலே கேட்டான். "என் சொந்தப் படகிலும் இதுதான், என் பெண்டாட்டி அதில்தான் ரொட்டி சுடுகிறாள்" என்றான். அதோடு ஒரு போட்டோ அனுப்பினான். அழுத்தமானியின் முள் 2,200 பிஎஸ்ஐயை (அழுத்தத்தின் அலகு, இது கிட்டத்தட்ட நிறைந்த சிலிண்டர்) தாண்டி நிற்கிறது, ஓரத்தில் நீல பிளாஸ்டர் சுற்றிய கட்டைவிரல். இவ்வளவு தெரிந்த மனிதன் மேல் எவனுக்குச் சந்தேகம் வரும்?

கடைக்கே போய் எடுத்தோம். வால்வு மேல் பிளாஸ்டிக் மூடி, அதைச் சுற்றி சிவப்பு டேப். "படகில் மாட்டும் வரை சீலைப் பிரிக்காதீர்கள், தூசி போனால் ரெகுலேட்டர் கெட்டுவிடும்" என்று அக்கறையாக வேறு சொன்னான். பணத்தை, நண்பர்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ஆப்பில் போடச் சொன்னான், கார்டுக்குக் கமிஷன் அதிகமாம். 640 டாலர் போனது. எங்கள் பழைய சிலிண்டர் இரண்டும் அவன் கடைக்குள் போனது. காலிதான் என்றாலும் சோதனைக் கெடு தாண்டாதவை, இன்றைக்கு அவை கிடைப்பதே அபூர்வம்.

படகில் மாட்டினோம். முள் 200-ஐக்கூட எட்டவில்லை. இரண்டாவதும் அதே கதை. நண்பர் டீ போட்டார், பால் பொங்குவதற்குள் நெருப்பு சுருங்கி அணைந்தது.

சிலிண்டரை வெளியே எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். தோள்பட்டையில் பொறித்திருக்கும் எழுத்துகள் மேல் புத்தம்புது பச்சை பெயின்ட், பள்ளமே தெரியாதபடி அப்பியிருந்தது. சாவியால் சுரண்டினேன். முதலில் 3ஏஏ 2265 என்று வந்தது. அது சிலிண்டரின் வகையும், எவ்வளவு அழுத்தத்துக்குச் செய்தது என்பதும், அதில் தப்பில்லை. அதற்குக் கீழே சுரண்டச் சுரண்ட ஒரு 9, சோதித்தவரின் அடையாள எழுத்துகள், அப்புறம் 91. அதாவது கடைசியாகச் சோதித்தது 1991 செப்டம்பர்! இந்த வகை சிலிண்டரில் தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட மூன்றில் இரண்டு பங்கு அதிகமாக ஏற்றி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். கெடு தாண்டியதை நிரப்பக் கூடாது என்பது சட்டம். "சோதனை முடித்தது" என்று சொல்லித்தான் 320 வாங்கினான். இரண்டுக்கும் சேர்த்து 640.

போன் செய்தேன். முதல் நாள், "ராத்திரி குளிருக்கு அழுத்தம் இறங்கும் சார்." முப்பது டிகிரியிலிருந்து பத்துக்கு இறங்கினாலும் சுமார் பத்தில் ஒரு பங்குதான் குறையும், பத்தில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சாது! அடுத்து, "உங்கள் ரெகுலேட்டர் கசிகிறது." சோப்புத் தண்ணீர் தடவி வீடியோ எடுத்து அனுப்பினேன், ஒரு குமிழி இல்லை. அப்புறம், "சீலைப் பிரித்துவிட்டீர்களே, இனி திருப்பி எடுக்க முடியாது." பிரிக்காமல் எப்படி ஐயா மாட்டுவது? பழைய சிலிண்டர்களையாவது கொடு என்றால், "அவை அன்றைக்கே வேறொருவருக்குப் போய்விட்டன." அதற்கப்புறம் போன் எடுப்பதே இல்லை.

தளத்துக்கு எழுதினேன். பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, அதனால் தலையிட முடியாது என்று தானியங்கிப் பதில். ஆப்காரர்கள், நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்றார்கள். வங்கி, ஆப்காரர்களிடம் கேளுங்கள் என்றது. ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டதில் 640 டாலரும் அந்தரத்தில் நிற்கிறது.

நேற்று அந்த ஆளின் பழைய விளம்பரங்களைத் தோண்டினேன். வேறு சிலிண்டர், வேறு விலை, ஆனால் அதே அழுத்தமானி போட்டோ. அதே நீல பிளாஸ்டர் கட்டைவிரல்!

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்று சொன்னேன். இப்போது கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் கொட்டிவிடுகிறேன். போட்டோவை நம்பாதீர்கள், உங்கள் அழுத்தமானியைக் கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். தோள்பட்டையில் மாதமும் வருஷமும் படிக்க முடியவில்லை என்றால் தொடாதீர்கள். கோபத்தில் வண்டிகளுக்கு நிரப்பும் சிஎன்ஜி நிலையத்துக்குப் போய் ஏதாவது அடாப்டர் மாட்டி நிரப்பவும் வேண்டாம். அங்கே 3,600 பிஎஸ்ஐ வரை ஏற்றுவார்கள், நம் சிலிண்டருக்கு 2,265தான் வரம்பு. சிஎன்ஜி அடுப்பில் அப்படியே புரொப்பேனைக் கொடுப்பதும் ஆபத்து, பர்னரின் துளை பெரியது, தீ சீறிக்கொண்டு வரும். துளை, ரெகுலேட்டர், சிலிண்டர் பெட்டி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். நாங்கள் கடைசியில் அந்த வழிக்குத்தான் போகப்போகிறோம். ஒன்பது கிலோ புரொப்பேன் சிலிண்டர் ஒன்றில், நிறைந்த சிஎன்ஜி சிலிண்டர் ஐந்தின் சூடு இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் நிரப்பலாம்.

பச்சை பெயின்ட் சிலிண்டர் வேறு யாராவது வாங்கியிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து போகலாம். கலிபோர்னியாவில் சிறு வழக்கு மன்றத்தில் 1,500 டாலர் வரையுள்ள தொகைக்கு மனுக் கட்டணம் 30 டாலர். படிவத்தை நிரப்பி வைத்துவிட்டேன், திங்கட்கிழமை கொடுக்கிறேன். ஆக இப்போதைக்கு 670.