ஏஎன்ஏ ப்ரொஃபைல் பேக்கேஜ்: லூப்பஸ் சந்தேகத்துக்கு எவ்வளவு உதவும்?

உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்தான் லூப்பஸ். மூட்டு வலி, தீராத களைப்பு, முடி கொட்டல் என்று போனால் பல லேப்கள் நீட்டுவது இந்தப் பேக்கேஜைத்தான். ஒரே பட்டையில் எஸ்எம், ஆர்என்பி, ரோ, லா, ஹிஸ்டோன் என்று செல்லின் உட்பொருள்களுக்கு எதிரான ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் வரிசையாகக் கோடுகள். பார்க்கப் பிரமாதம். ஆனால் முதல் பரிசோதனையாகவே இதை வாங்குவது தலைகீழ் வேலை.

முதலில் வேண்டியது ஏஎன்ஏ, அதாவது செல்லின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடிகளை மொத்தமாகத் தேடும் பரிசோதனை. அதை ஹெப்-2 என்ற ஆய்வக செல்லில் ஐஎஃப்ஏ முறையில், ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்துச் செய்யவேண்டும். ரிப்போர்ட்டில் டைட்டரும் (ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் பாசிட்டிவ் வருகிறது என்ற அளவு) பேட்டர்னும் (செல் ஒளிரும் வடிவம்) இருக்கவேண்டும். இரண்டும் இல்லாமல் வெறும் எண்ணும் "பாசிட்டிவ்" என்ற சொல்லும் வந்தால் அது பெரும்பாலும் எலைசா என்ற, நுண்ணோக்கி இல்லாத இயந்திர முறை. எந்த முறை என்று கேட்டுவிடுங்கள். 1:40 வந்தால் பதறவேண்டாம், நோயே இல்லாதவர்களில் நான்கில் ஒருவருக்கு அது வரும். 1:160கூட சுமார் 5 சதவீதம் பேருக்கு உண்டு. டிஎஃப்எஸ்70 என்ற ஆன்டிபாடி மட்டும் தனியாக வந்தால் லூப்பஸாக இருக்கும் வாய்ப்பு குறைவு. காசநோய், தொழுநோய், ஏன், காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் மாத்திரையும் ஏஎன்ஏவை ஏற்றிவிடும். நம் ஊரில் இதை மறக்கக்கூடாது.

பட்டையில் எஸ்எம் கோடு அழுத்தமாக விழுந்தால் நம்பலாம், ஆனால் லூப்பஸ்காரர்களில் பெரும்பாலோருக்கு அது விழாது. டிஎஸ்-டிஎன்ஏ (இரட்டை இழை டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி) கோடுதான் தொல்லை. மங்கலாக இருந்தால் கிரித்திடியா என்ற ஒற்றைச்செல் உயிரியை வைத்துச் செய்யும் முறையில் உறுதிசெய்யுங்கள். அதில் பொய்யான பாசிட்டிவ் அரிது. லேசான அளவுகளைத் தவறவிடும் என்பது குறை.

பட்டை முழுக்க வெள்ளையாக இருந்தும் லூப்பஸ் இருக்கலாம். 2019இல் வந்த ஐரோப்பிய-அமெரிக்க வகைப்பாட்டில் ஏஎன்ஏ 1:80 நுழைவுச்சீட்டு, பிறகு அறிகுறிகளுக்கும் சோதனை முடிவுகளுக்கும் சேர்த்து 10 புள்ளி தேவை. டிஎஸ்-டிஎன்ஏ அல்லது எஸ்எம் இருந்தால் 6 தான். சிறுநீரக பயாப்ஸியில் மூன்றாம் அல்லது நான்காம் வகை நெஃப்ரைடிஸ் (சிறுநீரக அழற்சி) தெரிந்தால் அதற்கு மட்டுமே 10. அதுவும் ஆய்வுக்காக வகுத்த கணக்கு. 8 புள்ளி என்பதற்காக மருத்துவர் நோயை ஒதுக்கிவிடமாட்டார்.

பெரிய குறை, பேக்கேஜில் இல்லாதவை. சி3, சி4 (எதிர்ப்புச் சக்தியின் காம்ப்ளிமென்ட் புரதங்கள்), முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரில் புரதம்-கிரியேட்டினின் விகிதம். கடைசியது விலை குறைவு, 0.5ஐத் தாண்டினால் மூட்டு வலியே இல்லாவிட்டாலும் சிறுநீரக மருத்துவரைப் பார்த்தாகவேண்டும்.

ஒருமுறை பாசிட்டிவ் வந்த ஏஎன்ஏவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்கச் சொன்னால் மறுத்துவிடலாம். நோயின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுவது டிஎஸ்-டிஎன்ஏ, சி3, சி4, சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவைதான்.