கொரோனா காலத்தில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்

2020 ஆகஸ்ட் கடைசியில் என் இளைய மகளுக்குத் தலைப்பிரசவம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்தது. தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர். மூத்த மகளுக்கும் 2017இல் அங்கேதான் பிரசவம் என்பதால், அதே இடத்தின் சேவையை இரண்டு காலங்களிலும் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியபோது இளையவள் திருப்பூரில் புகுந்த வீட்டில் இருந்தாள். நான்கு மாதம் முடிந்திருந்தது. பேருந்து நின்றுபோனது. அவள் பகுதிச் செவிலியர்களுக்குத் தொற்றுப் பணி. ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போன தனியார் மையமோ கொரோனா இல்லை என்ற சான்று கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பியது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் மாதப் பரிசோதனை என்பது, வாந்தி நின்றதா, கால் வீங்கியிருக்கிறதா என்று தொலைபேசியில் விசாரிப்பதாகச் சுருங்கிவிட்டது. விசாரித்த செவிலியர்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் இரத்த அழுத்தத்தைத் தொலைபேசியில் பார்க்க முடியாதே.

ஜூன் மாதம் அவளை அழைத்துவர இ-பாஸ் வேண்டியிருந்தது. திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் எல்லாம் அதில் காரணமாக இருந்தன, வளைகாப்பு இல்லை. மருத்துவக் காரணம் காட்டித்தான் வந்தாள். மறுநாளே எங்கள் நர்சம்மா வீட்டு வாசலில் நின்று, அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்து, "என்னம்மா இப்படி வெளுத்திருக்கே" என்றார். நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.2. அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச்சத்து மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் டிரிப்ஸில் ஏற்றி, பிரசவத்துக்குள் 10க்கு மேல் கொண்டுவந்தார்கள். கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் பிக்மி எண் கையில் இருந்ததால் பதிவை மாற்றுவதில் சிரமம் இருக்கவில்லை. விடுபட்ட ஸ்கேனையும் எடுக்கச் செய்தார்கள். ஆனால் ஏழாம் மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு ஈடாகாது என்பதை மருத்துவர் மறைக்காமல் சொன்னார்.

2017இல் கர்ப்பிணிகள் பரிசோதனை நாளான செவ்வாய்க்கிழமை என்றால் அந்த வராந்தாவில் கால் வைக்க இடமிருக்காது. 2020இல் ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்து, நேரம் குறித்து அழைத்தார்கள்; எடைக் கருவி வேப்பமரத்தடிக்கு வந்திருந்தது. உண்மையைச் சொன்னால், கூட்டம் குறைந்ததால் மருத்துவர் நின்று பேசினார். இந்த ஏற்பாட்டைத் தொற்று போன பிறகும் வைத்திருக்கலாம்.

பிரசவத்துக்குச் சில நாள் முன்பு சளி மாதிரி எடுத்தார்கள். முடிவு வருமுன் இடுப்பு வலி வந்துவிட்டது. சோதனை முடிவுக்காகப் பிரசவத்தைத் தாமதிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்த மே மாதமே அறிவுறுத்தியிருந்தது. இங்கே யாரும் அதை நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. உடன் ஒருவருக்கு மட்டுமே அனுமதி. முழுக் கவச உடையில் வியர்த்து வழிய அந்தச் செவிலியர் விடியும்வரை மகளின் இடுப்பை நீவிக்கொண்டிருந்தார். சுகாதாரப் பணியாளர்களுக்கே தடுப்பூசி 2021 ஜனவரி 16இல்தான் தொடங்கியது என்பதை இப்போது நினைத்தால் உடல் சிலிர்க்கிறது. முகக்கவசம் அணிந்தபடி ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் அரசு வாகனத்திலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

பணம் மட்டும் இழுபறி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் கைக்கு வந்தன. பணத் தவணைகளுக்கு அலைய வேண்டியிருந்தது. விடுபட்ட பரிசோதனைகளின் தேதிகள் பதிவில் இல்லை என்று ஓர் அலுவலகத்தில் காரணம் சொன்னார்கள். நடமாடவே தடை இருந்த மாதங்களின் பரிசோதனையை எங்கிருந்து கொண்டுவருவது?

குழந்தையின் தடுப்பூசிகள் 6, 10, 14ஆம் வாரங்களில், புதன்கிழமைகளில், தவறாமல் போடப்பட்டன. ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு தருகிறேன். குறைத்த ஒன்று தவணைப் பணத்துக்காக. அடுத்த மாதம் மருமகளையும் அங்கேதான் பதியப் போகிறோம்.