தையல் விட்டுப்போகுமா? திருச்சியில் நான் செய்துகொண்ட எடைக் குறைப்பு ஆபரேஷன்

மன்னார்குடியில் 19 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். என் கழுத்தில் தொங்கும் டேப் 60 அங்குலம். போன ஆடியில் என் மகள் என் இடுப்புச் சுற்றளவை எடுத்தபோது 57 வந்தது. வயது 44, உயரம் 155 செ.மீ., எடை 112 கிலோ. சர்க்கரை வந்து 9 வருடம், இரண்டு வேளையும் இன்சுலின். மெஷினை விட்டு எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும். ராத்திரியில் குறட்டை நடுவே மூச்சு நின்று திடுக்கென்று எழுந்து உட்காருவேன். என் கணவர் பல நாள் தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

கார்த்திகையில் திருச்சியில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது எட்டு மாதம் முடிந்துவிட்டது. கடைக்கு வரும் பெண்கள் ரகசியமாகக் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. நீங்கள் எங்கே போனாலும் அங்கே என்ன கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

முதலில் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மா நீடாமங்கலம் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதுமே அழுதுவிட்டார். "நல்லா இருக்குற வயித்த யாராச்சும் போயி அறுத்துக்குவாங்களாடி? ராத்திரி சோத்த விட்டுப்பாரு, தானா எறங்கிடும்" என்றார். ராத்திரிச் சோற்றை நான் எத்தனை தடவை விட்டிருப்பேன் என்று அவருக்கே தெரியும். 12 கிலோ குறைத்து 15 கிலோ ஏற்றிக்கொண்ட வருடமும் உண்டு. 2024ல் இந்த ஆபரேஷனுக்குப் போன ஓர் இளைஞர் சென்னையில் இறந்துபோன செய்தியை டிவியில் எல்லாரும் பார்த்திருந்தோம். என் கணவர் அதை மறக்கவே இல்லை. நானும்தான்.

முதலில் போய்ப் பார்த்தது வேறு ஓர் இடம். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனைகூட எடுக்கவில்லை. "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, சின்ன ஆபரேஷன்தான். இந்த வாரமே சேர்ந்தா 40,000 குறைச்சுக்கலாம்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். தீபாவளி நெருக்கடியில்கூட நான் அளவு எடுக்காமல் துணியில் கத்தரி வைத்ததில்லை.

திருச்சி டாக்டர் எங்களோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் இதைக் கொழுப்பு எடுக்கிற ஆபரேஷன் என்கிறார்கள். அது வேறு, இது வேறு என்று முதலில் தெளிவாக்கினார். ஸ்லீவ் என்றதும் எனக்கு ஜாக்கெட் கைதான் ஞாபகம் வந்தது. சொன்னேன். "அதேதான்மா" என்று தாளில் வரைந்து காட்டினார். பை மாதிரி இருக்கும் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் கை போல ஒடுக்கமான குழாயாக விட்டுவிடுகிறார்கள். அளவு தப்பாமல் இருக்க, வாய் வழியாக ஒரு குழாயை உள்ளே இறக்கி அதை ஒட்டியே வெட்டுவார்களாம். நாங்கள் ஸ்கேல் வைத்துச் சாக்கட்டியால் கோடு போடுவதைப் போல. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கிற அந்தப் பக்கத்தில்தான் சுரக்கிறது, அதனால் பசியும் அடங்கும் என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "தையல் விட்டுப்போனா என்னாகும் டாக்டர்?"

விடாது என்று அவர் சொல்லவில்லை. "விடலாம்மா. நூறு பேர்ல ஒருத்தருக்கு ஆகலாம். அப்படி ஆச்சுன்னா உள்ளே சீழ் பிடிக்கும், மறுபடி ஒரு ஆபரேஷன்கூட தேவைப்படலாம், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில இருக்க வேண்டியிருக்கும்" என்றார். அப்புறம் அந்தத் தையலைக் காட்டினார். ஸ்டேப்ளர் கருவி வெட்டுக்கு இந்தப் பக்கம் 3 வரிசை, அந்தப் பக்கம் 3 வரிசை டைட்டானியம் பின் அடித்துக்கொண்டே நடுவில் வெட்டிப் போகிறது. உயிருக்கு ஆபத்து பற்றி என் கணவர் கேட்டார். ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில், பித்தப்பை ஆபரேஷனில் இருக்கிற அளவுதான் என்றார். அதைவிட இந்த எடையோடும் இந்தச் சர்க்கரையோடும் இருப்பதில் உள்ள ஆபத்தையும் சொன்னார். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர், "மறைக்காம சொல்றாரு, இவர்கிட்டயே செஞ்சுக்கலாம்" என்றார். அதற்கு முந்தைய மூன்று வாரமாக ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே எழுந்து வாசலுக்குப் போனவர் அவர்.

பரிசோதனை மட்டும் ஒரு மாதம் நடந்தது. வாய் வழியாகக் கேமரா விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், எக்கோ, தூக்கப் பரிசோதனை, மனநல ஆலோசகர். நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் செய்தால் அது கூடிவிடலாம், அவர்களுக்குக் குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ்தான் பொருந்தும் என்பதால் எண்டோஸ்கோப்பியைத் தவிர்க்க வேண்டாம். எனக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்பது உறுதியாகி, ஆபரேஷனுக்கு முன்பே மூக்கில் மாட்டும் காற்று மெஷின் கொடுத்தார்கள். அதை மாட்டிய முதல் ராத்திரி என் கணவரும் தூங்கினார்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் புரோட்டீன் பவுடரும் நீர் ஆகாரமும்தான். வீங்கிய ஈரல் இரைப்பையை மூடிக்கொண்டிருக்கும், அது சுருங்கினால்தான் கருவிக்கு வழி கிடைக்கும் என்று காரணம் சொன்னார்கள். காரணம் தெரிந்ததால் ஒரு நாள்கூட ஏமாற்றவில்லை.

ஆபரேஷன் அன்று. காலை எட்டு மணிக்கு உள்ளே போனேன், கண் திறந்தபோது பதினொன்றரை. வயிற்றில் 5 சின்னத் துளைகள், பெரியதே ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். என் மகள் பிறந்தபோது செய்த சிசேரியன் வலியில் பாதிகூட இல்லை. ஆனால் யாரும் எனக்கு முன்பே சொல்லியிராவிட்டால் பயந்திருப்பேன் என்று ஒன்று இருந்தது. தோள்பட்டை வலி. வயிற்றில் துளை, வலி தோளில்! உள்ளே வேலை செய்ய இடம் வேண்டும் என்று வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்ப வைக்கிறார்கள். மிச்சம் தங்கும் வாயு உதரவிதானத்தை உறுத்தும்போது, அந்த நரம்பு தோளோடும் தொடர்புள்ளது என்பதால் அங்கே வலிக்கிறதாம். நடந்தால் குறையும் என்றார்கள். குறைந்தது. மூன்றாம் நாள் போயே போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே நர்ஸ் வந்து, "எழுந்திரிங்கக்கா, கட்டில் ஓரமா காலைத் தொங்கப் போடுங்க" என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை அவசரம். காலை அமுக்கி அமுக்கி விடும் பட்டை, வயிற்றில் தினமும் ஒரு ஊசி, மூன்று பந்து உள்ள ஊதுகருவி, எல்லாம் இதற்கும் நுரையீரலுக்கும்தான். பந்தை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். அந்த நர்ஸ் தங்கை திருத்துறைப்பூண்டிப் பெண். ஒவ்வொரு நடைக்கும் வராந்தாவில் என் பக்கத்திலேயே வந்தார். இந்த ஆஸ்பத்திரிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அவருக்குத்தான்.

மறுநாள் மருந்து குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்து, கசிவு இல்லை என்று காட்டினார்கள். திரையில் என் இரைப்பையை முதல் தடவையாகப் பார்த்தேன், மெல்லிசாக, ஒரு கை போலவே. பிறகு மருந்து அளக்கும் குட்டிக் கப்பில் 30 மில்லி தண்ணீர், 15 நிமிடத்துக்கு ஒரு தடவை.

இனிக் குறைகள். ஆபரேஷன் கவுன் எனக்குப் பத்தவில்லை. முதுகு முழுக்கத் திறந்து கிடந்தது, மேலே ஒரு பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். எடை கூடியவர்களுக்கென்றே நடத்தும் பிரிவில் இப்படி இருக்கலாமா? ஓர் ஆளுக்கு இன்னும் ஒரு மீட்டர் துணி கூடப் போட்டால் தீர்ந்துவிடும். எனக்கு அது மிகவும் வலித்தது, எழுதியும் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்தது பில். பேக்கேஜ் 3,40,000 என்று சொல்லியிருந்தார்கள். ஸ்டேப்ளரில் போடும் பின் அடைத்த கார்ட்ரிட்ஜ் எண்ணிக்கை கூடியதாகக் கடைசியில் 38,000 சேர்ந்தது. எத்தனை கார்ட்ரிட்ஜ் வரை பேக்கேஜில் அடங்கும் என்று முன்பே எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் கைகொடுத்தது. பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்றவை இருந்தால் பல பாலிசிகளில் இதற்கு இடம் உண்டு. எனக்கு 46. ஆனாலும் ஒப்புதல் வர 11 நாள் அலைந்தோம்.

மூன்றாம் நாள் கார் வைத்து ஊருக்குத் திரும்பினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்றதால் வல்லத்தில் ஒரு தடவை, வடுவூர் ஏரிக்கரையில் ஒரு தடவை இறங்கி நடந்தேன். மழை விட்டிருந்த நாள். இரண்டு பக்கமும் சம்பா பச்சையாக நின்றது. வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு சீட் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், மேடு பள்ளத்தில் உதவும்.

வீட்டில் முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம் மட்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் இங்கிலீஷில், ஓட்ஸ், பிராக்கோலி சூப் என்று இருந்தது. அம்மாவுக்கு அதில் என்ன புரியும்? உணவு ஆலோசகருக்குப் போன் செய்தேன். மறுநாளே அவர் தமிழில் கையால் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், கொள்ளு ரசத் தெளிவு, நீர்மோர், எலும்பு வேகவைத்து வடித்த சாறு, தண்ணீரில் கலக்கிய புரோட்டீன் பவுடர். ஒரு நாளைக்கு 60 கிராம் புரோட்டீன் கட்டாயம். மூன்றாம் வாரம் குழைத்த பாசிப்பருப்பு, முட்டை வெள்ளை, தயிர். ஐந்தாம் வாரத்தில் முள் எடுத்த மீன். பொங்கல் வந்தபோது ஏழாவது வாரம். அம்மா வெண்பொங்கலில் இரண்டு ஸ்பூன் வைத்துக்கொடுத்தார். நிறைந்துவிட்டது.

பசிக்கவில்லை, உண்மை. ஆனால் ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டில் அப்பளம் பொரிக்கும் வாசனை வந்தபோது அடுப்படியில் நின்று அழுதேன். நல்லா இருந்த உடம்பைக் கெடுத்துக்கொண்டேனோ என்று தோன்றியது. இனி ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார முடியாதே என்று தோன்றியது. மனநல ஆலோசகர் முன்பே சொல்லியிருந்தார், இரண்டாம் வாரத்தில் பலருக்கு இந்த அழுகை வரும், அது வந்து போகும் என்று. ஒரு வாரத்தில் போனது.

பதினோராம் நாள் ராத்திரி ஒரு பயம். இடது விலாப்பக்கம் சுருக்கென்று வலித்தது. தையல் விட்டுவிட்டது என்றே நினைத்தேன். அவர்கள் கொடுத்த நம்பரில் ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டதும் எடுத்தார்கள். நாடித்துடிப்பை எண்ணச் சொன்னார்கள், டிஸ்சார்ஜ் அன்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். 84. காய்ச்சல் இல்லை, தண்ணீர் இறங்கியது. இருமியதில் தசை பிடித்த வலி, காலையில் வந்து காட்டுங்கள் என்றார்கள். போய்க் காட்டினேன், அதுவேதான். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: சும்மா இருக்கும்போதே நாடி 120ஐத் தாண்டினாலோ, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, வயிற்று வலி கூடிக்கொண்டே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு கெண்டைக்கால் வீங்கினாலோ, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

என் தவறு ஒன்றும் உண்டு. ஐந்தாம் வாரத்தில் கடையில் ஆள் காத்திருக்க, நின்றுகொண்டே அரை இட்லியை அவசரமாக விழுங்கினேன். நெஞ்சில் கல் வைத்தது போல அடைத்து, நுரையாக வாந்தி. அன்றிலிருந்து ஒரு வாய்க்கு 20 தடவை மெல்லுகிறேன். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் தண்ணீர் இல்லை.

நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எதிர்பார்த்ததுதான் என்றார்கள், இப்போது திரும்ப முளைக்கிறது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை ஆயுள் முழுக்க விடக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் ஒன்றரை வருடம் தள்ளிப்போட வேண்டும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாய் ஓயாமல் கொறித்தால் சில வருடத்தில் எடை திரும்பும் என்றும் எச்சரித்திருக்கிறார்கள்.

இன்றைக்கு எடை 81 கிலோ. இன்சுலின் நின்றுவிட்டது, ஒரு மாத்திரை மட்டும். டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினேன். காற்று மெஷினைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. விடியற்காலையில் ஹரித்ராநதி தெப்பக்குளக் கரையை ஒரு சுற்று வருகிறேன், முட்டி தாங்குகிறது. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று கவுனுக்கும் பில்லுக்கும்.

ஆவணியில் அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் திருச்சி போகிறேன். போன வாரம் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஓர் அக்கா, நானும் கூட வரட்டுமா என்று கேட்டார். கேள்வியெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாங்கக்கா என்றேன். நேற்று கொண்டுவந்து காட்டினார். இதுவரை 16. முதலாவது, "தையல் விட்டுப்போகுமா?"