கையடக்க பேட்டரி டெஸ்டர்: எண் சரி, தீர்ப்புதான் தப்பு

"ஆஃபர்ல விலை இறங்கியிருக்குடா, வாங்கிடட்டுமா?" என்று நண்பன் ஒருவன் கேட்டிருக்கிறான். சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப், நடுவில் சின்னத் திரை, நாலைந்து பட்டன். கார் பேட்டரியில் மாட்டினால் பேட்டரி, செல்ஃப், சார்ஜிங் மூன்றையும் சோதித்துச் சொல்லுமே, அந்த டெஸ்டர்தான். என்னிடம் சில வருடங்களாக இருக்கிறது. எங்கள் வண்டி, அக்கா வீட்டு வண்டி, காலையில் கிளம்புகிற நேரத்தில் மக்கர் பண்ணும் அபார்ட்மெண்ட் வண்டிகள் என்று பலவற்றில் மாட்டிப் பார்த்தாயிற்று. போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கு என்றிருப்பேன். போன வாரம் கீழ்வீட்டு டீச்சரம்மாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அவருடையது சின்ன பெட்ரோல் கார், 35 ஏ.எச். (ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. காய்கறிக் கடை, கோயில், பேத்தியின் ஸ்கூல் என்று ஓட்டுவதெல்லாம் கிட்டத்துத் தூரம். ஒரு காலை வண்டி எடுக்கவில்லை. வீட்டுக்கே வந்து பேட்டரி மாட்டித் தரும் கடை ஒன்றிலிருந்து பையன் வந்தான். அவன் கையில் இருந்ததும் இதே வகை டெஸ்டர், பிரிண்டர் வைத்தது. மாட்டினான், சீட்டு வந்தது, 'ரீப்ளேஸ்' என்று இருந்தது. புதுசை மாட்டிவிட்டுப் பழசை எக்ஸ்சேஞ்சில் எடுத்துப் போய்விட்டான். "மெஷினே மாத்தணும்னு சொல்லிடுச்சுப்பா" என்று சாயங்காலம் சீட்டைக் காட்டினார். வாங்கிப் படித்தேன். அளந்த சி.சி.ஏ., அதாவது குளிரில் செல்ஃப் அடிக்க பேட்டரி கொடுக்கக்கூடிய ஆம்பியர், 240. அதற்கு மேல் வரியில், அந்த பேட்டரிக்கு இருக்க வேண்டிய சி.சி.ஏ. என்ற இடத்தில் 600.

35 ஏ.எச். பேட்டரிக்கு அது சுமார் 300 இருக்கும். 600 என்பது பெரிய டீசல் வண்டிக்கானது. 300 என்று போட்டிருந்தால் 240 என்பது 80 சதவீதம். இன்னும் நன்றாக உழைக்கக்கூடிய பேட்டரி. 600 போட்டதால் 40 சதவீதம் ஆகி, தூக்கி எறிய வேண்டியதாகிவிட்டது. பையன் ஏமாற்றினான் என்று நான் சொல்ல மாட்டேன். கடைசியாகக் கொடுத்த எண்ணை டெஸ்டர் ஞாபகம் வைத்துக்கொள்ளும், என்னுடையதும் அப்படித்தான். அதற்கு முன் டீசல் வண்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருப்பான், ஓகே ஓகே என்று அழுத்திக்கொண்டே போயிருப்பான். ஆனால் டீச்சரம்மா வண்டிக்குத் தேவைப்பட்டது ராத்திரி முழுக்க ஒரு சார்ஜ். தினமும் ஐந்து நிமிட ஓட்டத்தில், ஏ.சி. போட்டு சிக்னலில் நிற்கும் வண்டியில், ஸ்டார்ட் பண்ணச் செலவான சார்ஜே திரும்ப ஏறாது. அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. மெஷின் சொன்னதுதான் கடைசி வார்த்தை.

என் கோபம் இந்தத் தீர்ப்பின் மேல்தான். டெஸ்டர் பேட்டரியைச் சுமை கொடுத்துச் சோதிப்பதில்லை. சின்னதாக ஒரு சிக்னலை அனுப்பி உள்ளே மின்தடை எத்தனை மில்லி ஓம் என்று அளக்கிறது. அதிலிருந்து சி.சி.ஏ. என்ற எண்ணைக் கணக்கிடுகிறது. அதை நாம் கொடுத்த எண்ணோடு ஒப்பிட்டு நல்லது, கெட்டது என்று சொல்கிறது. நாம் கொடுத்தது தப்பென்றால் தீர்ப்பும் தப்பு. சி.சி.ஏ. என்பதே மைனஸ் 18 டிகிரி குளிரில் பேட்டரி எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதற்கான அளவு. சென்னையில் அந்தக் குளிர் என்றைக்குமே இல்லை. அதனால்தான் நம் ஊரில் விற்கும் பல பேட்டரிகளில் ஏ.எச். மட்டும் பெரிதாக இருக்கும், சி.சி.ஏ. இருக்காது, இருந்தாலும் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இந்த டெஸ்டரோ அதைக் கொடுக்காமல் அடுத்த திரைக்கே போகாது. அதை எந்தத் தரமுறையில் அளந்தது, எஸ்.ஏ.இ.யா, ஈ.என்.னா, ஜே.ஐ.எஸ்.ஸா என்று வேறு கேட்கும். பேட்டரி கடைக்காரர்களிலேயே எத்தனை பேர் இதற்குச் சரியாகப் பதில் சொல்வார்கள்?

இவ்வளவு திட்டிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இதே டெஸ்டர்தான் அக்கா வீட்டில் ஒரு ஆல்டர்னேட்டரின் விலையை மிச்சம் பிடித்துக் கொடுத்தது. வண்டி ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ணுவது அதுதான், ஒர்க்‌ஷாப்பில் டைனமோ என்பார்கள்.

அக்கா வீடு திருவான்மியூர், கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி. உப்புக் காற்றுக்கு அங்கே கேட்டும் தப்பாது, ஜன்னல் கம்பியும் தப்பாது. வண்டி காலையில் 'ஊ... ஊ...' என்று இழுத்துக்கொண்டுதான் ஸ்டார்ட் ஆகும். பேட்டரி மாற்றினார்கள். கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை. அதை வாரண்டியில் மாற்றி வாங்கினார்கள், அப்போதும் அதே. கடைசியில் ஒர்க்‌ஷாப்பில், "டைனமோ போயிடுச்சு சார், சார்ஜ் ஏறல, மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். மாமா எனக்குப் போன் பண்ணினார். "மாமா, ஞாயித்துக்கிழமை வரேன், அதுவரைக்கும் எதையும் மாத்தாதீங்க" என்றேன்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டி. பேட்டரி 12.5 வோல்ட். 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. ஆக பேட்டரியில் தெம்பு இருக்கிறது. சி.சி.ஏ.யும் சரி. மாமாவை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் எப்படி இறங்கி ஏறுகிறது என்பதை இந்த டெஸ்டர் ஒரு கோடாக வரைந்து காட்டும். எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கோடுதான். நல்ல வண்டியில் அது பத்து, பத்தரை வரை சட்டென்று விழுந்து எழும். பேட்டரி சோர்ந்திருந்தால் 9.6க்கும் கீழே போகும். மாமா வண்டியில் இன்ஜின் மூச்சு வாங்குகிறது, ஆனால் கோடு 11.4க்குக் கீழே இறங்கவே இல்லை.

இதுதான் விஷயம். செல்ஃப் மோட்டார் பலமாக இழுத்தால் பேட்டரி வோல்டேஜ் விழுந்தே ஆக வேண்டும். அது விழவில்லை, மோட்டாரும் சுற்றத் திணறுகிறது என்றால், பேட்டரியில் இருக்கிற கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கோ தடை.

இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யும் ஹெட்லைட்டும் போட்டேன். பேட்டரியில் 13.0. 'சார்ஜிங் லோ' என்று டெஸ்டர் உடனே ஆல்டர்னேட்டரைக் குற்றம் சாட்டியது, ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன அதே தீர்ப்பு. பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தேன். ஆல்டர்னேட்டரின் பின்பக்க போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 14.3. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அந்த போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸ் வரை 0.1 வோல்ட் இழப்பு, ஒன்றும் குறையில்லை. இன்ஜின் பிளாக்கிலிருந்து பேட்டரி மைனஸ் வரை 1.2. அந்த இடத்தில் 0.2க்கு மேல் இருந்தாலே கவலைப்பட வேண்டும்.

பேட்டரி டிரேயைக் கழற்றினோம். கியர் பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை அடியில் இருந்தது. கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற வழி அதுதான். பின்னல் செம்பு. மேலே பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் தெரிந்தது. விரலால் தடவினேன், பச்சைப் பொடி உதிர்ந்தது. லக் என்கிற முனை வளையத்துக்குள் நுழையும் இடத்தில் இழைகள் பாதிக்கு மேல் அரித்துப் போயிருந்தன. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஜம்ப் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் மாட்டி, "இப்ப அடிங்க மாமா" என்றேன். ஒரே அடியில் ஸ்டார்ட். பால்கனியில் நின்ற அக்கா "என்னடா பண்ணே?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

புதுப்பேட்டையில் ஒரு பாய் தடிமனான கேபிளில் லக் வைத்து அழுத்திக் கொடுத்தார். சில நூறு ரூபாய் ஆயிற்று. பழைய பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "டைனமோவுல ஒண்ணுமில்ல சார். டேங்க்ல தண்ணி ரொம்பி இருக்கு, குழாய்ல அடைப்பு" என்றார். பாடியில் பெயிண்டைச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். ஏ.சி., லைட் எல்லாம் போட்டும் பேட்டரியில் 14.1. செல்ஃப் கோடு 10.6 வரை விழுந்து எழுந்தது. இத்தனை நாளும் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியவே இல்லை என்று மாமா ஆச்சரியப்பட்டார். ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தது, அதனால் விளக்கு எரியவில்லை. எர்த் கெட்டால் அந்த விளக்கு சொல்லாது.

இதில் பாராட்டு டெஸ்டருக்கா, மல்டிமீட்டருக்கா? வழி காட்டியது டெஸ்டரின் கோடு. இடத்தைப் பிடித்தது மல்டிமீட்டர். டெஸ்டரின் தீர்ப்பைக் கேட்டிருந்தால் புது ஆல்டர்னேட்டர் மாட்டி, அதே அரித்த பட்டையோடு வண்டி வீட்டுக்கு வந்திருக்கும்.

நீண்ட நாள் பயன்பாட்டில் இன்னொரு நல்லது, மில்லி ஓம் எண். எங்கள் வண்டி பேட்டரி புதிதில் 9 காட்டியது. ஒவ்வொரு அக்னி நட்சத்திரம் முடிந்ததும் பார்க்கிறேன், இப்போது 12. எண் ஏற ஏற பேட்டரி தளர்கிறது என்று அர்த்தம். சி.சி.ஏ.வுக்கு நான் எதைக் கொடுத்தாலும் இந்த எண் மாறாது என்பதால் இதைத்தான் நம்புகிறேன். இங்கே பேட்டரியைக் கொல்வது வெயில். பானட்டுக்கு அடியில் தகடு அரிப்பதும் தண்ணீர் வற்றுவதும் மே மாதத்தில் நடக்கிறது. வண்டி கைவிடுவது ஐப்பசி மழையில், வைப்பர், லைட், ஏ.சி. எல்லாம் ஓட ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஊரும்போது.

ஓட்டி நிறுத்திய உடனே அளக்காதீர்கள். மேலோட்டமான சார்ஜில் 12.9 காட்டும், மகிழ்ந்துவிடுவோம். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளந்தால்தான் உண்மை தெரியும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி என்றால் இன்னும் நல்லது. புது மாடல் வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. சார்ஜ் போதும் என்று தோன்றினால் தானே வோல்டேஜைக் குறைக்கும். அங்கேயும் இந்த டெஸ்டர் 'சார்ஜிங் லோ' என்று பழி போடும்.

டெஸ்டரால் சுத்தமாக முடியாத காரியம், நிறுத்திய வண்டியில் கரண்ட் கசிவதைக் கண்டுபிடிப்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனையோ பேர் வெள்ளத்துக்குப் பயந்து வண்டியைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் விட்டார்கள். அப்படிப் பல நாள் நிற்கிற வண்டியில் 50 மில்லி ஆம்பியர் வரை கசிவது சகஜம், இரண்டு வாரம்கூடத் தாங்கும். டேஷ்கேம் பார்க்கிங் மோடில் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் 35 ஏ.எச். பேட்டரி ஐந்து நாளில் காலி. அதைக் கண்டுபிடிக்க, ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் வேண்டும். வண்டியைப் பூட்டி அரை மணி, முக்கால் மணி விட்டுவிட்டு, உள்ளே எல்லாம் தூங்கிய பிறகு அளக்க வேண்டும்.

சரி நண்பா, உன் கேள்விக்கு வருகிறேன். வாங்காதே. இன்றைய மனநிலையில் என் பதில் அதுதான். டீச்சரம்மா கொடுத்த பணம் கண் முன்னால் நிற்கிறது. ரிச்சி தெருவுக்குப் போய் இதைவிடக் குறைந்த விலையில் ஒழுங்கான மல்டிமீட்டர் ஒன்று வாங்கு. ஓய்வில் 12.6, ஓடும்போது 13.8லிருந்து 14.5, செல்ஃப் அடிக்கையில் 9.6க்கு மேல், எர்த்தில் 0.2க்குள். நாலு எண் தெரிந்தால் எந்தக் கடையிலும் நிமிர்ந்து பேசலாம். அந்தக் கோட்டுக்காக மட்டும் என் டெஸ்டரை நான் யாருக்கும் தரமாட்டேன், அது வேறு விஷயம்.

உன் வண்டியில் ஐடிலில் லைட் துடிக்கிறது, இரண்டு நாள் நிறுத்தினால் டவுன் ஆகிறது என்றாயே, எனக்கு ஆல்டர்னேட்டருக்குள் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற டையோடு மேல் சந்தேகம். ஒரு டையோடு போனால் இரண்டும் வரலாம்: ஓடும்போது மாறுதிசை மின்சாரத்தின் அலை கலந்து வரும், நின்றபிறகு அதே வழியாகப் பேட்டரி கசியும். ஞாயிறு காலை கிளாம்ப் மீட்டரோடு வருகிறேன். சனிக்கிழமை ராத்திரி வண்டியைப் பூட்டிவிடு. பானட்டை மட்டும் திறந்து, தாழ்ப்பாள் மாட்டாமல் லேசாகச் சாத்தி வை. நான் வரும்வரை கதவைத் திறக்காதே, ரிமோட்டையும் அழுத்தாதே.